பாட்டு வகுப்புக்குப் போகும் குழந்தை வீட்டில் எதைக் கேட்கிறாள்?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. ஒன்றரை ஆண்டாகப் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். இன்னும் தொடக்கப் பாடமான ஜண்டை வரிசையைத் தாண்டவில்லை. அவளோடு சேர்ந்த பக்கத்து வீட்டுப் பெண் பல படி தாண்டி வர்ணத்துக்கு வந்துவிட்டாள். தொலைக்காட்சிப் போட்டிக்கும் தயாராகிறாள். என் மகளோ வகுப்பு நாள் வந்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். “ஸரிகமவுக்கு என்ன அர்த்தம், இதை எதற்குப் பாட வேண்டும்?” என்று கேட்கிறாள். சினிமாப் பாட்டை மட்டும் நாள் முழுவதும் பாடுகிறாள். சங்கீதம் கற்றால் மூளை வளரும், கணக்கு நன்றாக வரும் என்று என் கணவர் நம்புகிறார். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் பாட்டெல்லாம் தெலுங்கும் சமஸ்கிருதமுமாக இருக்கின்றனவே, புரியாத மொழியில் குழந்தை ஏன் பாட வேண்டும் என்று என் மாமனார் கேட்கிறார். நானும் சிறுவயதில் மலஹரி ராகத்துக் கீதம் வரை கற்றேன். பன்னிரண்டு வயதில் நின்றுபோயிற்று. இவளும் அப்படி ஆகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. வற்புறுத்தலாமா, விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வகுப்பு, பக்கத்து வீட்டுப் பெண், கணக்கு, மொழி என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யார் எப்போது என்ன பாட்டுக் கேட்கிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு என்றால் வயிறு வலிக்கும் குழந்தையின் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் பதில் வருவதில்லை. வகுப்புக்குப் பணம் கட்டியிருப்பார்கள், சுருதிப்பெட்டி வாங்கியிருப்பார்கள். வீட்டில் சங்கீதம் ஒலித்தே இருக்காது.

நம் பெரியவர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள்: கேள்வி ஞானம். பாடம் கேட்டு வருவது ஒன்று; பாட்டைக் கேட்டுக் கேட்டே வருவது இன்னொன்று. ‘அ’ எழுதப் பழகும் குழந்தைக்கு அம்மாவும் அப்பாவும் ஆடும் மாடும் ஏற்கெனவே தெரிந்த சொற்கள். அதனால்தான் அந்த எழுத்தின் மீது அதற்கு ஆசை வருகிறது. உங்கள் மகளோ தான் கேட்டே இராத ஒரு மொழியின் எழுத்துகளை ஒன்றரை ஆண்டாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். “இதை எதற்குப் பாட வேண்டும்?” என்று அவள் கேட்டது அடமில்லை, சகோதரி. மிகச் சரியான கேள்வி. அந்தக் கேள்விக்கு வீடுதான் பதில் சொல்ல வேண்டும்.

தியாகராஜர் குழந்தையாக இருந்தபோது அவருடைய தாயார் புரந்தரதாசரின் பாடல்களைப் பாடக் கேட்டு வளர்ந்தார் என்று அவருடைய வரலாற்றைச் சொல்பவர்கள் சொல்வார்கள். சொண்டி வெங்கடரமணய்யாவிடம் முறையாகக் கற்றதெல்லாம் பிறகு வந்தது. நமக்கு அருகில் உள்ள காலத்துக்கு வந்தால், பாடகர் ஜி.என்.பாலசுப்பிரமணியம் (ஜி.என்.பி.) இருக்கிறார். நீண்ட குருகுலவாசம் எதுவும் அவருக்கு இல்லை. அவருடைய தந்தை திருவல்லிக்கேணியில் ஒரு சபாவின் செயலராக இருந்தவர். வீட்டுக்கு வித்வான்கள் வந்துபோவார்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டுத் தன் பாட்டை உருவாக்கிக்கொண்டார். 1928இல் முதல் கச்சேரி செய்தபோது அவருக்கு வயது 18. எல்லாக் குழந்தையும் ஜி.என்.பி. ஆகிவிடாது; அதற்காக இதைச் சொல்லவில்லை. காது நிறைந்திருந்தால் பாடம் எவ்வளவு எளிதாக இறங்குகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் தொடக்கத்தில் செய்த ஒரு தவறை உங்களிடம் சொல்ல வேண்டும். ஆசிரியையாகி மூன்றாவது ஆண்டோ நான்காவது ஆண்டோ, எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். அபாரமான குரல். அடித்தளம் பலமாக இருக்கட்டும் என்று எட்டு மாதம் வரிசைகளை மட்டும் மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாடவைத்தேன். அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவனை உட்காரவைத்து நான் ஒரு கீர்த்தனையைப் பாடிக்காட்டவில்லை. அவனுக்குப் புரியாது என்று நானே முடிவு செய்துவிட்டேன். ஒரு விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். “டீச்சர், இவர் வாசிக்கிறது மாயாமாளவகௌளைதானே? இதைத்தான் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? அப்போது இது இப்படி இருக்கும் என்று தெரியாமல் போயிற்றே” என்றான். அன்றிலிருந்து என் வகுப்பில் முதல் பத்து நிமிடம் நான் பாடுவேன், குழந்தைகள் கேட்பார்கள். பாடத்துக்கு நேரம் போதவில்லை என்றால் பாடத்தைத்தான் குறைப்பேன்.

அந்த ராகத்தைப் பற்றியே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்களும் படித்ததுதான், ஏன் அதில் தொடங்கினோம் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்ற படிக்கட்டை அமைத்தவர் புரந்தரதாசர் என்பது நம் மரபு. 1564இல் ஹம்பியில் மறைந்த அந்தப் பெரியவரைச் சங்கீதத்தின் பிதாமகர் என்று அழைப்பதற்கு இதுவே முதற்காரணம். இந்த வரிசைகளைப் பாடும் ராகம் மாயாமாளவகௌளை; மேளங்கள் எனப்படும் எழுபத்திரண்டு தாய் ராகங்களில் பதினைந்தாவது. அதில் ஸ-வுக்கும் ரி-க்கும் நடுவே மிகச் சிறிய படி. ரி-யிலிருந்து க-வுக்குப் பெரிய தாவல். க-விலிருந்து ம-வுக்கு மறுபடியும் சிறிய படி. பிறகு ப-விலிருந்து மேல் ஸ வரை அதே அமைப்பு அப்படியே திரும்ப வருகிறது: சிறியது, பெரியது, சிறியது. கீழ்ப்பாதியைப் பிடித்துவிட்ட குழந்தைக்கு மேல்பாதி பாதி தெரிந்த மாதிரி. படிகளுக்கு இடையே வித்தியாசம் பளிச்சென்று இருப்பதால் சுருதி விலகினால் குழந்தையின் காதுக்கே தெரியும்.

இதை உங்கள் மகளுக்குச் சொல்லிப் பாருங்கள். வீட்டு மாடிப்படியிலோ தரையில் கோடு கிழித்தோ, சிறிய படிக்குச் சிறிய அடி, பெரிய படிக்குப் பெரிய தாவல் என்று பாடிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். பிறகு இதே ராகத்தில் தியாகராஜர் செய்த ‘துளசீ தளமுலசே’ என்ற கீர்த்தனையை ஒரு நல்ல பாடகர் குரலில் போட்டுவிடுங்கள். ஒன்றும் விளக்க வேண்டாம். தீட்சிதர் திருத்தணியில் பாடிய முதல் கீர்த்தனை என்று சொல்லப்படும் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’வும் இதே ராகம்தான். தான் ஏறி இறங்கும் அதே படிகளில் அந்தப் பெரியவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று இரண்டு வாரத்தில் அவள் காது தானாகக் கண்டுகொள்ளும். ஸரிகமவுக்கு என்ன அர்த்தம் என்ற கேள்விக்கு நான் அறிந்த ஒரே பதில் இது.

உங்கள் கணவரிடம் பணிவாக ஒன்று சொல்லுங்கள். இசை கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சு பெரிதாகப் பரவியது 1993இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்விலிருந்து. அதில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் இல்லை. இரண்டு பியானோக்களுக்காக மொசார்ட் எழுதிய ஒரு படைப்பைப் பத்து நிமிடம் கேட்டார்கள். வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஒரு வகைப் பயிற்சியில் அவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரத்தில் மறைந்தும் போயிற்று. அவ்வளவுதான் அந்த ஆய்வு சொன்னது. அதற்குள் ஊரெல்லாம் கைக்குழந்தைகளுக்கு இசைத்தட்டு விற்க ஆரம்பித்துவிட்டார்கள். 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசுச் செலவில் இசைத்தட்டுத் தரவே பணம் கேட்டார். நன்றாகப் பாடி, கணக்கில் திணறிய குழந்தைகளும் என் வகுப்பில் உண்டு; கணக்கில் புலியாக இருந்து, தாளத்தில் திணறியவர்களும் உண்டு. கணக்குக்குக் கணக்குத்தான் படிக்க வேண்டும்.

அப்படியானால் குழந்தைக்கு இதனால் என்ன கிடைக்கிறது? தம்புராவோடு குரல் சேரும் அந்த ஒரு கணத்தில் சின்னக் குழந்தையும் கண்ணை மூடிக்கொள்கிறது. அதை நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன். அடுத்தவர் பாடும்போது வாய்மூடிக் கேட்கப் பழகுகிறது. ஒரு சிறு பிடி (ஸ்வரக் கோவை) வராமல் இருபது நாள் முயன்று, இருபத்தோராவது நாள் வந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்கிறது. கையில் தாளம், வாயில் சாகித்யம் (பாட்டின் சொற்கள்), காதில் சுருதி என்று மூன்றையும் ஒருசேர வைத்திருக்கிறது. வயதான பிறகு, தனியாக இருக்கும் ஒரு மாலையில், தானே பாடிக்கொள்ள அதற்கு ஒரு பாட்டு இருக்கும். இவற்றில் எதற்கும் மதிப்பெண் போட முடியாது. மதிப்பெண்ணை எதிர்பார்த்துக் குழந்தையை அனுப்பினால், அந்த எதிர்பார்ப்பு குழந்தைக்குத் தெரிந்துவிடும். உங்கள் மகளின் வயிற்றுவலியில் அதற்கும் பங்கிருக்கலாம்.

இனி அந்த மகான்களைப் பற்றி. நம் வீடுகளில் மும்மூர்த்திகளைப் படமாக மாட்டிப் பூப் போட்டுவிடுகிறோம். குழந்தைக்கு அவர்கள் சாமிகளாகிவிடுகிறார்கள். பாட்டுக் கட்டிய மனிதர்களாகத் தெரிவதில்லை. மூன்று பேரும் திருவாரூரில் பிறந்தவர்கள். 1762இல் சியாமா சாஸ்திரி, 1767இல் தியாகராஜர், 1775இல் முத்துசுவாமி தீட்சிதர். ஒரே ஊர், பதின்மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று பேர். ஏழு வயதுக் குழந்தைக்கு இதுவே ஒரு கதை.

ஒவ்வொருவரும் தம் பாட்டுக்குள் ஒரு முத்திரையை ஒளித்து வைத்திருக்கிறார்கள். தியாகராஜர் தம் பெயரையே வைப்பார். தீட்சிதர் ‘குருகுஹ’ என்பார். சியாமா சாஸ்திரி ‘சியாமகிருஷ்ண’ என்பார். புரந்தரதாசருக்கு ‘புரந்தர விட்டல’. அருணகிரிநாதரின் திருப்புகழ் ‘பெருமாளே’ என்று முடியும். என் வகுப்புக் குழந்தைகளுக்கு இதுதான் மிகப் பிடித்த விளையாட்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது முத்திரை வந்ததும் கையைத் தூக்க வேண்டும். யார் முதலில் தூக்குகிறார்கள் என்று போட்டி. முத்திரை பெரும்பாலும் கடைசிச் சரணத்தில்தான் வரும். அதுவரை முழுப் பாட்டையும் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். ஏழு நிமிடக் கீர்த்தனையை அசையாமல் கேட்கும் ஆறு வயதுக் குழந்தைகளைப் பார்த்து அவர்களுடைய தாய்மார்கள் வியந்துபோவார்கள்.

தீட்சிதரைப் பற்றி உங்கள் மகளுக்கு ஒன்றை அவசியம் சொல்லுங்கள். அவர் இளம் வயதில் சென்னைக்கு அருகே மணலியில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அவர்களை ஆதரித்த முதலியார் குடும்பம் வழியாக, கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று சொல்கிறோமே, அவைதான். சுமார் நாற்பது இருக்கின்றன. அவற்றில் ‘சியாமளே மீனாட்சி’ என்ற பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். முதல் வரியிலேயே உங்கள் மகள் துள்ளி எழுவாள். பள்ளியில் அவள் பாடும் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டு அது. ஒரு பழைய பிரெஞ்சு மெட்டு. அதே மெட்டை எடுத்துக்கொண்டு வியன்னாவில் மொசார்ட் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக மாற்றி மாற்றி எழுதினார். ஒரு சின்ன மெட்டு உலகின் இரு பக்கத்திலும் இரண்டு மேதைகள் கையில் விளையாடியிருக்கிறது. நோட்டுஸ்வரங்களில் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லை, ஸ்வரங்கள் நேராக நிற்கும், எல்லாம் சங்கராபரணத்தில் அமைந்தவை. குழந்தையின் தொண்டைக்கு இவற்றைப் போன்ற பரிசு வேறில்லை. ஜண்டை வரிசையோடு கூடவே இரண்டு நோட்டுஸ்வரம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள்.

சியாமா சாஸ்திரியின் பைரவி ஸ்வரஜதி உங்கள் மகள் பாடப் பல ஆண்டுகள் ஆகும். கேட்கலாமே! அதில் எட்டுச் சரணங்கள். முதலாவது ஸ-வில் தொடங்கும், இரண்டாவது ரி-யில், மூன்றாவது க-வில் என்று ஒவ்வொன்றும் ஒரு படி ஏறி, எட்டாவது மேல் ஸட்ஜத்தில், அதாவது மேல் ஸ-வில், வந்து நிற்கும். ஸரிகமபதநிஸ என்று அவள் வகுப்பில் பாடிச் சலித்த அதே ஏற்றம். அதை வைத்து ஒரு மனிதர் காமாட்சி அம்மனுக்கு ஒரு கோபுரமே கட்டிவிட்டார். எனக்கு இன்றும் அந்த ஏழாவது சரணத்திலிருந்து எட்டாவதற்குப் போகும் இடத்தில் மயிர்க்கூச்செறியும்.

உங்கள் மாமனாரின் கேள்வியை நான் மதிக்கிறேன். அது புதிய கேள்வியும் இல்லை. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்ததும் 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் அந்தக் கேள்வியிலிருந்துதான். குழந்தை முதலில் பாடும் சில பாட்டுகளாவது அவள் பேசும் மொழியில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குப் பஞ்சமா நமக்கு? மும்மூர்த்திகளுக்கு முன்பே சீர்காழி முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்ற மூவர் தமிழில் கீர்த்தனை செய்துவிட்டார்கள். கவிராயரின் ‘ஏன் பள்ளி கொண்டீர் ஐயா’வைக் கேட்கும் குழந்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதே இல்லை. ‘இத்தனை நடந்தும் ஏன் படுத்திருக்கிறீர்கள்?’ என்று சாமியைப் பார்த்துக் கேட்கிறார்! கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் பாட்டுகள் இருக்கின்றன. வாசலிலேயே நிறுத்தப்பட்ட ஒருவர் ‘உள்ளே வரலாமா’ என்று கேட்பதன் வலி குழந்தைகளுக்கு நம்மைவிட நன்றாகவே புரிகிறது. தாளம் பழகத் திருப்புகழுக்கு ஈடில்லை. ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’யை நாக்குப் புரளப் பாடி முடித்ததும் குழந்தைகள் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தது போல நிமிர்ந்து பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் தேவாரம். மூன்று வயதில் ‘தோடுடைய செவியன்’ பாடினார் என்று நாம் போற்றும் சம்பந்தரைவிடச் சின்ன வாக்கேயக்காரர் (பாட்டின் சொல்லும் இசையும் தாமே செய்பவர்) வேறு எந்த நாட்டில் இருக்கிறார்? உங்கள் மாமனாருக்குத் தேவாரம் தெரிந்திருந்தால், மாலையில் ஒரு பதிகத்தை அவரே பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். தாத்தாவின் குரலில் வந்த பாட்டுக் கடைசிவரை மறக்காது.

அதற்காகத் தெலுங்கையும் சமஸ்கிருதத்தையும் தள்ளிவைக்க வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லுங்கள். தியாகராஜர் காவிரிக் கரையில் திருவையாற்றில் வாழ்ந்துதான் தெலுங்கில் பாடினார். அதுவும் நம் மண்ணின் சொத்துதான். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே ஒரு வாக்கியத்தில் பொருள் சொல்லுங்கள், உச்சரிப்பைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். குழந்தைக்கு அது போதும். பொருள் தெரியாமல் பாடவைப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

சினிமாப் பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாடட்டும். தமிழ்த் தியாகையர் என்று கொண்டாடப்படும் பாபநாசம் சிவனே திரைப்படங்களுக்கு நூற்றுக்கணக்கில் பாட்டு எழுதியவர். சுருதிப்பெட்டியைப் போட்டு, அவளுக்குப் பிடித்த சினிமாப் பாட்டின் ஸட்ஜம் எது என்று அவளையே தேடச் சொல்லுங்கள். கிடைத்துவிட்டால் முதல் வரிக்கு ஸ்வரம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம். மறுநாள் அவளே திருத்துவாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தை நன்றாக வரட்டும். ஒன்றரை ஆண்டில் வர்ணம் என்பது சில குரல்களுக்கு இயல்பு, சில குரல்களுக்கு அவசரம். எந்தக் குரல் எது என்று வாசலில் நின்று நமக்குத் தெரியாது. உங்கள் மகள் காதுபட அந்தப் பெண்ணின் பெயரை எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். வகுப்பில் எத்தனை குழந்தைகள், எல்லோருக்கும் ஒரே சுருதியா? சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வோம்; இந்த வயதுப் பெண்குழந்தைகளில் ஐந்து கட்டையில் சுகமாகப் பாடுபவர்களும் உண்டு, ஆறு கட்டை வேண்டியவர்களும் உண்டு. உங்கள் மகள் கீழ் ஸட்ஜத்தில் காற்றாக முணுமுணுத்தால் சுருதி அவளுக்குத் தாழ்வு. மேல் ஸட்ஜத்தில் கழுத்து நரம்பு புடைத்து, தாடை தூக்கிக்கொண்டால் அது உயரம். நாள்தோறும் தொண்டை வலிக்கும் இடத்துக்குப் போக எந்தக் குழந்தைக்கு மனம் வரும்? பெரிய கூட்டமாக வகுப்பு நடந்தால் ஆசிரியருக்கு இது காதில் விழாமல் போகலாம். அது அவருடைய குறையில்லை. நீங்கள் மரியாதையாகச் சொன்னால், சுருதி ஒத்துவரும் குழந்தைகளோடு சேர்த்து உட்காரவைப்பார்.

வீட்டில் சாதகம் (பாட்டுப் பயிற்சி) பத்து நிமிடம் போதும். கடிகாரம் வைத்து அரை மணி நேரம் உட்காரவைப்பதை இன்றே நிறுத்துங்கள். கச்சேரிக்கு அழைத்துப் போங்கள். மூன்று மணி நேரம் கட்டிப்போடாமல், அலுத்துப்போகும் முன் எழுந்து வந்துவிடுங்கள். தனி ஆவர்த்தனம் வரும் நேரம் தெரிந்தால் அதற்கு உள்ளே போய் உட்காருங்கள். மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றிப் பேசுவதைக் கண் இமைக்காமல் பார்க்காத குழந்தையை நான் கண்டதில்லை. கோயிலில் நாகஸ்வரமும் தவிலும் ஒலித்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஜனவரியில் வாய்ப்பிருந்தால் திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனைக்குப் போய்வாருங்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் அவர் செய்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பெரிய வித்வான்களும் பெயர் தெரியாத ரசிகர்களும் ஒன்றாக உட்கார்ந்து பாடுவதை அவள் பார்க்கட்டும். 1920களில் தியாகராஜரின் சமாதியில் மண்டபம் எழுப்பத் தன் சொத்தைக் கொடுத்து, பெண்களும் அங்கே பாட வேண்டும் என்று போராடிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் கதையையும் போகும் வழியில் சொல்லுங்கள். பெண்குழந்தைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வற்புறுத்தலாமா, விடலாமா என்று கேட்டீர்கள். இரண்டும் வேண்டாம். மூன்று மாதம் வீட்டில் பாட்டு ஒலிக்கட்டும். வகுப்பை அப்படியே தொடருங்கள். முன்னேற்றத்தைப் பற்றி யாரும் பேச வேண்டாம். அதன் பிறகு அவளையே கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். வருத்தத்தை முகத்தில் காட்டாமல் நிறுத்துங்கள். அப்படி நிறுத்திப் பத்து ஆண்டு கழித்துத் தானாக வந்து கதவைத் தட்டிய பெண்கள் எனக்கு இருக்கிறார்கள். அழுதுகொண்டே அரங்கேற்றம் வரை போனவர்கள் பலர் அதன் பிறகு தம்புராவைத் தொடவே இல்லை.

நீங்கள் பாடுகிறீர்களா என்று சொல்லவில்லை. ‘நின்றுபோயிற்று’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மலஹரியை நினைவிருக்கிறதா? மாயாமாளவகௌளையிலிருந்து பிறந்த ராகம். ஏறும்போது க-வும் நி-யும் கிடையாது. இறங்கும்போது க மட்டும் திரும்பி வரும், நி வரவே வராது. காலையில் சுருதிப்பெட்டியைப் போட்டு அந்த விநாயகர் கீதத்தை நீங்கள் பாடுங்கள். குரல் எப்படி இருந்தாலும் சரி. இதில் எந்த ஸ்வரம் காணாமல் போயிற்று என்று மகளைக் கேளுங்கள்; அவள் கண்டுபிடித்துவிடுவாள். அலங்காரம் முடிந்ததும் அவளும் அந்தக் கீதத்துக்குத்தான் வரப்போகிறாள். அவள் வந்து சேரும்போது நீங்கள் முன்பே அங்கே உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருங்கள்.